ஆட்டின் கம்பளியும் குட்டியின் பாலும்



இன்றைய பேச்சு செம்மறி ஆட்டைப் பற்றியது. கோடை தொடங்கும்போது கம்பளி ஆட்டின் கம்பளியைக் கத்தரிக்கிறார்கள். அதனால் அந்த ஆட்டின் பாலுக்கு என்ன ஆகிறது? கூடுமா? குறையுமா? இதுதான் கேள்வி.

கம்பளிக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். கம்பளி இருப்பது முதுகில். பால் இருப்பது மடியில். ஆனால் இரண்டும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன? உடம்பு வெந்தால் மடி வற்றும். மடி வற்றினால் குட்டி வாடும். குட்டி வாடினால் ஆட்டுக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது.

இது சின்ன விஷயம் அல்ல. 2019-ஆம் ஆண்டு நம் நாட்டில் கால்நடைக் கணக்கு எடுத்தார்கள். அப்போது செம்மறி ஆடுகள் 7 கோடியே 42 லட்சத்துக்கு மேல் இருந்தன. அவற்றை நம்பிப் பல லட்சம் குடும்பங்கள் வாழ்கின்றன.

தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் செம்மறிகள் பலவற்றுக்குக் கம்பளி கிடையாது. மேச்சேரி ஆடு, ராமநாதபுரம் வெள்ளை ஆடு எல்லாம் குட்டை முடி ஆடுகள். அவற்றைக் கத்தரிக்கும் வேலை இல்லை. நீலகிரி ஆட்டுக்குக் கம்பளி உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரும்பை ஆட்டுக்கும் உண்டு. ஆனால் கம்பளி ஆட்டை நிறையப் பார்க்க வேண்டும் என்றால் வடக்கே ராஜஸ்தானுக்குப் போக வேண்டும். இந்தியாவில் கம்பளி அதிகம் கிடைப்பது அந்த மாநிலத்தில்தான்.

ராஜஸ்தானில் ஒரு பங்கு பாலைவனம். மழை குறைவு. பயிர் பொய்த்தாலும் ஆடு கைவிடாது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. ராய்க்கா என்ற சமூகத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடும் ஒட்டகமும் வளர்க்கிறார்கள். ஊரில் மேய்ச்சல் தீர்ந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அரியானா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் வரைக்கும் நடந்தே போவார்கள். மழைக்காலம் பிறந்ததும் ஊர் திரும்புவார்கள்.

வழியில் அவர்களுக்குத் துணை ஆட்டுப் பால். டீ போடவும் அதுதான். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளவும் அதுதான். மீந்தால் நெய் எடுப்பார்கள். செம்மறிப் பால் கெட்டியானது. 100 பங்கு பாலில் 6 அல்லது 7 பங்கு கொழுப்பு இருக்கும். பசும்பாலில் இருப்பது 4 பங்கு அளவுதான்.

ஆனால் அந்தப் பாலில் முதல் பங்கு குட்டிக்கு. ஆட்டுக்காரருக்குப் பெரிய வருமானம் குட்டி விற்பதில்தான் வருகிறது. பால் குடித்து வளர்ந்த குட்டி நல்ல விலை போகும். பால் கிடைக்காத குட்டி எலும்பும் தோலுமாக நிற்கும். முதல் நோய்க்கே விழுந்துவிடும்.

ராஜஸ்தானில் நிறையக் குட்டிகள் ஜனவரி முதல் மார்ச் வரையில் பிறக்கின்றன. தாய் ஆட்டுக்குக் குட்டி போட்டு மூன்று நான்கு வாரத்தில் பால் உச்சத்தில் இருக்கும். பிறகு மெல்ல இறங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் வெயில் ஏறுகிறது. மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரி வரை போகிறது. 'லூ' என்ற அனல் காற்று வீசுகிறது. குட்டி இன்னும் பால் குடித்துக்கொண்டிருக்கிறது. தாயின் முதுகிலோ குளிர்காலம் முழுவதும் வளர்ந்த கம்பளி.

சூடு ஏறினால் பால் ஏன் குறைகிறது?

ஆட்டின் உடம்புச் சூடு 39 டிகிரி அளவில் இருக்க வேண்டும். மனிதனுக்கு வெயில் பட்டால் வியர்க்கும். வியர்வை காயும்போது உடம்பு குளிரும். செம்மறி ஆட்டுக்கு அப்படிப் பெரிதாக வியர்க்காது. அது நாயைப் போல இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும்.

சாதாரணமாக ஆடு நிமிடத்துக்கு 15 முதல் 30 தடவை மூச்சு விடும். கடும் வெயிலில் இது 100 தடவைக்கு மேல் போகும். வாயைத் திறந்து, விலா துடிக்க நிற்கும். இப்படி இளைக்கவே அதன் பலம் செலவாகிறது. பாலுக்குப் போக வேண்டிய பலம் மூச்சுக்குப் போகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. தின்ற தீனி வயிற்றில் செரிக்கும்போது சூடு உண்டாகும். ஆகவே உடம்பு ஏற்கெனவே சூடாக இருக்கும் ஆடு தின்பதைக் குறைத்துக்கொள்ளும். முன்னால் தழை கிடந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். தீனி இறங்காமல் பால் எப்படி ஊறும்?

மூன்றாவது ரத்த ஓட்டம். பால் என்பது ரத்தத்திலிருந்து ஊறுவது. பசுவிலும் வெள்ளாட்டிலும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் பால் ஊற 400 லிட்டருக்கு மேல் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். வெயிலில் உடம்பு என்ன செய்கிறது? சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பி அனுப்புகிறது. மடிக்குப் பங்கு குறைகிறது.

இப்படி மூன்று வழியிலும் பால் இறங்குகிறது. ஒரு தடவை நன்றாக இறங்கிவிட்ட பால் அந்த ஈற்றில் பழைய அளவுக்கு ஏறுவது கடினம். வெயில் தணிந்த பிறகு தீனி போட்டாலும் போன பால் போனதுதான்.

சரி, கம்பளியைக் கத்தரித்தால் என்ன ஆகிறது? உடம்பிலிருந்து சூடு எளிதில் வெளியேறுகிறது. நிழலில் காற்று தோலில் படுகிறது. இரவில் உடம்பு நன்றாகக் குளிர்கிறது. ஆடு குறைவாக இளைக்கிறது. அதிகாலையில் பசியோடு எழுந்து மேய்கிறது. தின்பது கூடுகிறது. மடிக்கு வேண்டியது கிடைக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. உண்ணியும் பேனும் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போகிறது. ரத்தம் குடிக்கும் உண்ணி பாலையும் சேர்த்தே குடிக்கிறது என்று சொல்லலாம்.

பாலுக்காகவே செம்மறி வளர்க்கும் நாடுகளும் உண்டு. பிரான்சில் லக்கோன் என்ற ஆட்டின் பாலில் ரோக்ஃபோர் என்ற பாலாடைக்கட்டி செய்கிறார்கள். இத்தாலியின் சார்தீனியா தீவில் சார்தா என்ற ஆடு. அங்கேயும் கோடை முற்றும் முன்பே ஆட்டைக் கத்தரிக்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கத்தரித்தால் பால் குடம் குடமாகப் பெருகிவிடாது. வெயிலால் குறைய இருந்த பால் அவ்வளவாகக் குறையாமல் நிற்கும். அவ்வளவுதான். தீனியும் தண்ணீரும் இல்லாத ஆட்டுக்குக் கத்தரிக்கோல் பால் கொடுக்காது.

கம்பளி ஒரு குடையும்கூட

இப்போது ஒருவர் கேட்கலாம். "கம்பளி சூடு என்றால் ஒட்ட வழித்துவிட்டால் என்ன? எந்த மாதத்தில் வழித்தால் என்ன?"

அது தவறு. கம்பளி போர்வை மட்டும் அல்ல. அது குடையும்தான். நல்ல வெயிலில் நிற்கும் ஆட்டின் கம்பளி நுனியைத் தொட்டால் கை சுடும். கம்பளியை விலக்கித் தோலைத் தொட்டுப் பார்த்தால் அவ்வளவு சூடு இருக்காது. வெயிலின் சூட்டைக் கம்பளியின் நுனியே தாங்கிக்கொள்கிறது. உள்ளே போக விடுவதில்லை.

மே மாதத்து நடுப்பகலில் ஆட்டை ஒட்டக் கத்தரித்து வெட்டவெளியில் விட்டால் என்ன ஆகும்? குடையைப் பிடுங்கிக்கொண்டு வெயிலில் தள்ளியது போல ஆகும். தோல் வெந்து சிவக்கும். ஆடு முன்னைவிட அதிகமாக இளைக்கும். பால் கூடுவதற்குப் பதில் குறையும். கத்தரித்ததால் கெட்டது என்று ஆட்டுக்காரர் சொல்வார். கெட்டது கத்தரித்ததால் அல்ல. காலம் தவறியதால்.

ஆகவே கோடை முற்றும் முன்பே கத்தரிக்க வேண்டும். மார்ச் மாதமும் ஏப்ரல் முதல் பாதியும் நல்ல காலம். நம் கணக்கில் பங்குனி மாதம். குளிர் போயிருக்கும். அனல் இன்னும் வந்திருக்காது. அப்போது கத்தரித்தால் மே மாதம் வருவதற்குள் கொஞ்சம் கம்பளி மறுபடி வளர்ந்துவிடும். ஒரு விரல் அகலம் வளர்ந்தால்கூடப் போதும். வெயிலுக்கு அது குடை. கனமான போர்வை இல்லாததால் காற்றும் புகும்.

இந்தக் காலத்தில் கத்தரிப்பதால் கம்பளிக்கும் நன்மை உண்டு. குளிர்காலத்தில் வளர்ந்த கம்பளி வெள்ளையாக இருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த மழைக்காலத்தில் வளர்ந்த கம்பளி மஞ்சள் பூத்துவிடும். மஞ்சள் கம்பளிக்கு விலை குறைவு.

கத்தரிக்கும் நாள்

காலம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கையும் சரியாக இருக்க வேண்டும். கத்தரிப்பது ஆட்டுக்குப் பயமான வேலை. பிடிப்பதும் புரட்டுவதும் அதற்கு அதிர்ச்சி. அன்றும் மறுநாளும் பால் சற்றுக் குறையும். பயப்பட வேண்டாம். பக்குவமாகச் செய்தால் சில நாளில் சரியாகிவிடும்.

முதல் நாள் இரவே ஆட்டுக்குத் தீனி கொடுப்பதை நிறுத்த வேண்டும். வயிறு நிறைந்த ஆட்டைப் புரட்டினால் மூச்சு முட்டும். கம்பளி ஈரமாக இருக்கக் கூடாது. வேலையை அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும். இடம் நிழலாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும்.

கத்தரிக்கோல் கூர்மையாக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தரி கம்பளியை வெட்டாது, இழுக்கும். கம்பளியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்து வெட்டக் கூடாது. தூக்கினால் தோலும் கூடவே எழும்பும். கத்தரி தோலில் பாயும்.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் மடி. மடியைச் சுற்றி வெட்டும்போது ஒரு கையால் காம்பை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு சிறு வெட்டு போதும், அந்தக் காம்பு வீணாகிவிடும். வெட்டுப்பட்ட காம்பில் குட்டி வாய் வைத்தால் தாய் உதைத்துத் தள்ளும். பால் கட்டும். மடி வீங்கும். மடி நோய் வரும். முதுகில் கம்பளி மறுபடி வளரும். போன காம்பு திரும்பாது.

ஆனாலும் மடியைச் சுற்றியுள்ள கம்பளியை விட்டுவிடவும் கூடாது. அதில் சாணமும் சேறும் ஒட்டியிருக்கும். புதிதாகப் பிறந்த குட்டி காம்பைத் தேடி அந்த அழுக்குக் கம்பளியைச் சப்பும். வயிற்றில் அழுக்கும் முடியும் போகும். ஆகவே குட்டி போடுவதற்குச் சில வாரம் முன்பே மடியைச் சுற்றி மட்டும் கவனமாகக் கத்தரித்துவிடுவது நல்லது. செம்மறி ஆட்டுக்குச் சினைக் காலம் ஏறக்குறைய 5 மாதம். கடைசி மாதத்தில் இருக்கும் ஆட்டைத் தரையில் தள்ளிப் புரட்டக் கூடாது. நிற்க வைத்து மெல்லச் செய்ய வேண்டும். முழுக் கத்தரிப்பைக் குட்டி போட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் ஆட்டை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். சிறு வெட்டு இருந்தாலும் உடனே மருந்து போட வேண்டும். விட்டால் ஈ உட்காரும். புழு வைக்கும். பெரிய காயம் என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கத்தரித்த பிறகு

கத்தரித்த ஆட்டுக்கு முதல் இரண்டு வாரம் தனிக் கவனம் வேண்டும். பகல் 10 மணிக்குள் மேய்ச்சலை முடித்து நிழலுக்கு ஓட்டிவிட வேண்டும். மாலை வெயில் தாழ்ந்ததும் மறுபடி மேய்க்கலாம். ராஜஸ்தானில் வயலெங்கும் கேஜ்ரி மரம் நிற்கும். அது வேறு ஒன்றும் இல்லை, நம் ஊர் வன்னி மரம்தான். கடுங்கோடையிலும் அதன் இலை பச்சையாக இருக்கும். நிழலும் தரும், தீனியும் தரும். நிழல் இல்லாத இடத்தில் ஆடுகள் ஒன்றின் வயிற்றுக்குக் கீழே ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் ஆடு நிழல் கேட்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் முக்கியம். பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். கோடையில் பால் கொடுக்கும் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 5, 6 லிட்டராவது வேண்டும். ஒரே வேளையில் காட்டாமல் இரண்டு மூன்று தடவை காட்ட வேண்டும். தொட்டி நிழலில் இருக்க வேண்டும். உப்புக் கல் நக்கக் கொடுக்க வேண்டும்.

கோடை மழை திடீரென்று வரும். குளிர்ந்த காற்றும் சேர்ந்து வரும். புதிதாகக் கத்தரித்த ஆட்டுக்கு அது ஆபத்து. நேற்று வரை போர்த்தியிருந்த உடம்பு இன்று வெறும் உடம்பு. நனைந்தால் நடுங்கும். தின்ற தீனி எல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவாகும். பால் அப்போதும் குறையும். மழை அறிகுறி தெரிந்தால் ஆட்டைக் கூரைக்குள் அடைத்துவிட வேண்டும்.

காயங்கள் ஆறியதும் உண்ணி மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கலாம். கத்தரித்து இரண்டு மூன்று வாரம் கழித்துச் செய்வது நல்லது. மருந்து டப்பாவில் இருக்கும் எழுத்தைப் படிக்க வேண்டும். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து? எத்தனை நாள் பாலைக் குடிக்கக் கூடாது? எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். முன்பு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு ஊற்றினோம். இப்போது நாமே படித்துப் பார்க்கலாம். எழுத்து பொடியாக இருந்தால் இளம் கண் உள்ளவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கூலிக் கணக்கும் பால் கணக்கும்

இத்தனை நன்மை இருந்தும் சிலர் கத்தரிக்காமல் விடுகிறார்கள். காரணம் காசு. ராஜஸ்தானில் பிகானேர் பெரிய கம்பளிச் சந்தை. வெளிநாட்டுக் கம்பளியும் அங்கே வந்து இறங்குகிறது. மிருதுவான அந்தக் கம்பளிக்கு மதிப்பு அதிகம். நம் முரட்டுக் கம்பளியைக் கேட்பவர் குறைந்துவிட்டார்கள். கத்தரிப்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். கம்பளி விற்ற காசு அந்தக் கூலிக்கே போதாத வருஷமும் உண்டு. "இதற்கு ஏன் கத்தரிக்க வேண்டும்?" என்று ஆட்டுக்காரர் அலுத்துக்கொள்கிறார். அந்த அலுப்பில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கணக்கை இன்னொரு பக்கமும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவரிடம் குட்டியோடு 40 ஆடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டுக்கும் வெயிலால் தினம் 100 மில்லி பால் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி என்பது அரை டம்ளர். கண்ணுக்கே தெரியாது. 60 நாளில் அது 6 லிட்டர் ஆகிறது. ஏறக்குறைய 5 லிட்டர் தாய்ப்பால் குடித்தால் குட்டி 1 கிலோ எடை ஏறும். அப்படியானால் ஒரு குட்டிக்கு 1 கிலோவுக்கு மேல் எடை போயிற்று. 40 குட்டிக்கும் சேர்த்தால் 48 கிலோ! உங்கள் ஊரில் குட்டி கிலோ என்ன விலை? அதால் பெருக்கிப் பாருங்கள். பிறகு அதைக் கத்தரிக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கம்பளிக்காகக் கத்தரிக்கிறோம் என்று நினைத்தால் நஷ்டம்தான் தெரியும். பாலுக்காகவும் குட்டிக்காகவும் கத்தரிக்கிறோம் என்று நினைத்தால் கணக்கு மாறும்.

இரட்டைக் குட்டி போடும் ஆடு என்றால் பால் இன்னும் முக்கியம். ராஜஸ்தானில் டோங்க் மாவட்டத்தில் அவிகாநகர் என்ற ஊர் இருக்கிறது. மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையம் 1962-ஆம் ஆண்டு முதல் அங்கே நடக்கிறது. அங்கே 'அவிஷான்' என்று ஒரு புதிய ஆட்டு வகையை உருவாக்கினார்கள். மேற்கு வங்கத்து கரோல் ஆடு ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டி போடும். அந்தக் குணத்தை ராஜஸ்தானின் மால்புரா ஆட்டில் கொண்டுவந்தார்கள். ஆனால் குட்டி கூடினால் போதுமா? அவற்றுக்குப் பால் வேண்டாமா? அதற்காகக் குஜராத்தின் பட்டணவாடி ஆட்டையும் சேர்த்தார்கள். பட்டணவாடி நன்றாகப் பால் தரும் ஆடு. குட்டியின் எண்ணிக்கையையும் தாயின் பாலையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

நோட்டுப் புத்தகம் பேசும்

எல்லா ஊரிலும் வெயில் ஒரே மாதிரி இருக்காது. தக்காணத்தில் மராட்டியம், கர்நாடகம், தெலங்கானா பக்கம் கறுப்புத் தக்காணி ஆடு வளர்க்கிறார்கள். இமயமலையில் கத்தி ஆடு வளர்க்கிறார்கள். அந்தந்த ஊர் வெயிலுக்கும் குளிருக்கும் தக்கபடி நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை யார் சொல்வது? அவரவர் மந்தையே சொல்லும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். குட்டி பிறந்த நாளை எழுதுங்கள். கத்தரித்த நாளை எழுதுங்கள். நான்கு ஆடுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு நாள் அவற்றின் குட்டிகளை எடை போட்டு எழுதுங்கள். பாதி ஆடுகளைப் பங்குனியிலும் மீதியைச் சித்திரை கடைசியிலும் கத்தரித்தவர் இருந்தால் இரண்டு பேர் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் குட்டி கொழுத்தது? எந்தத் தாய்க்குப் பால் வற்றியது? நோட்டு சொல்லிவிடும்.

ஆடு வாய் திறந்து எதுவும் கேட்காது. இளைத்து நிற்கும், அவ்வளவுதான். அதன் குட்டி மடியை முட்டி முட்டிப் பார்க்கும். அந்த முட்டலுக்குப் பால் இறங்க வேண்டும் என்றால் பங்குனியிலேயே கத்தரிக்கோலைத் தீட்டி வையுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. கோடையில் ஆட்டின் பால் குறைவதற்கு மூன்று காரணங்கள் என்ன?
2. கம்பளியைக் குடை என்று ஏன் சொல்கிறோம்?
3. மடியைச் சுற்றிக் கத்தரிக்கும்போது என்ன கவனம் வேண்டும்?
4. உங்கள் ஊரில் ஆடு, மாடுகளுக்குக் கோடை நிழல் எங்கே இருக்கிறது? இல்லை என்றால் என்ன செய்யலாம்?